உறையில் ஒரு பெயர், கடிதத்தில் ஒரு பெயர்



இரயிலில் இடம் பதிவு செய்த மறுகணமே நம் மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்து சேருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால் ஒரு கடிதம். பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் பெறப்பட்டால் ஒரு கடிதம். கடவுச்சொல்லை மறந்துவிட்டால் அதற்கும் ஒரு கடிதம். நள்ளிரவு இரண்டு மணிக்கும் தவறாமல் வருகின்ற இக்கடிதங்களை எந்த எழுத்தரும் மேசைமுன் அமர்ந்து எழுதுவதில்லை. கணிப்பொறியே எழுதுகிறது; கணிப்பொறியே உறையிலிட்டு அனுப்புகிறது.

இவற்றோடு கலந்து வேறொரு வகைக் கடிதமும் வருகின்றது. "தங்கள் மகனுக்கு வளைகுடா நாட்டில் வேலை உறுதி செய்யப்பட்டுள்ளது. விசாக் கட்டணத்தை இரண்டு நாட்களுக்குள் செலுத்துக" என்பது போன்ற வாசகம். அனுப்பியவர் என்ற இடத்தில் ஊரறிந்த நிறுவனமொன்றின் பெயர், பிழையில்லாத ஆங்கிலம், அழகிய சின்னம். நகையை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கையைப் பிசைந்து நிற்போரில் படித்தவர்களும் உளர். "அவர்கள் பெயரில்தானே வந்தது!" என்பதே அத்தகையோர் கூறும் சொல்.

அந்த ஒரு சொல்லில்தான் பிழை இருக்கிறது. மின்னஞ்சலில் 'அனுப்பியவர்' என்று நாம் காணும் பெயர், உண்மையில் அனுப்பியவர் யார் என்பதற்குச் சான்றன்று. எழுதியவர் தம் விருப்பம்போல் எழுதிய ஒரு வரி, அவ்வளவே. இஃது ஏன் இவ்வாறு அமைந்தது என்பதை அறிய வேண்டுமாயின், மின்னஞ்சலை எழுதி அனுப்பும் கருவியின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும். கணிப்பொறிக் கல்வி பெறாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. கடிதம் என்பது யாது, உறை என்பது யாது என்று தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

எழுதிக் கொடுக்கும் எழுத்தர்

தபால் நிலைய வாசலில் சிறு மேசையிட்டு அமர்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மணியார்டர் படிவமும் எழுதிக் கொடுத்தவர்களை நம்மில் மூத்தோர் அறிவர். யாருக்கு, என்ன செய்தி என்று சொன்னால் போதும். ஊர், தேதி, விளி, முகவரி ஆகியவற்றை முறைப்படி அமைத்து, உறையிலிட்டு, பெட்டியிலும் சேர்த்துவிடுவார்.

கணிப்பொறி உலகிலும் அத்தகைய எழுத்தர் உண்டு. அதற்கு 'லைப்ரரி' என்று பெயர். தமிழில் நிரல் நூலகம் எனலாம். பெயரைக் கேட்டுப் புத்தக அலமாரிகளை எண்ணிவிட வேண்டாம். பலருக்கும் அடிக்கடி தேவைப்படுகின்ற ஒரு வேலைக்கான கட்டளைகளை, அத்துறையில் வல்லவர் முன்கூட்டியே எழுதிச் சோதித்து, எவரும் எடுத்துத் தம் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளுமாறு வைத்திருக்கும் தொகுப்பே நிரல் நூலகமாகும்.

பிஎச்பி என்ற கணிப்பொறி மொழியில் இணையதளம் அமைப்போர் பெரிதும் கையாளும் மின்னஞ்சல் நூலகம் 'பிஎச்பிமெயிலர்' என்பது. பிரென்ட் மாட்செல் என்பவர் 2001 ஆம் ஆண்டில் இதனை எழுதி, விலையின்றிப் பொதுவில் வைத்தார். பின்னர் மார்க்கஸ் பாயின்டன் முதலானோர் பொறுப்பேற்று அதனைப் பேணி வருகின்றனர். உலகெங்கும் எண்ணற்ற இணையதளங்களைத் தாங்கி நிற்கும் 'வேர்ட்பிரஸ்' மென்பொருள் தன் கடிதங்களை எழுதுவதற்கு இதனையே தன்னுள் வைத்திருக்கிறது. பைத்தான் மொழியிலோ இதற்கான நூலகம் மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது; கடிதத்தைத் தொகுப்பதற்கு ஒரு பகுதி, அனுப்புவதற்கு மற்றொரு பகுதி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்பிரிவில் ஒரு பொருள் உண்டு; அதனைப் பின்னர்க் காண்போம்.

இந்த எழுத்தரிடம் வேலை வாங்குவது மிக எளிது. அனுப்புநர் இன்னார், பெறுநர் இன்னார், பொருள் இது, செய்தி இது, இணைப்பு இது, அனுப்புக என்று ஏழெட்டு வரிகளில் கட்டளை எழுதினால் போதும். எஞ்சிய வேலை அனைத்தையும் நூலகம் பார்த்துக்கொள்ளும். அந்த எஞ்சிய வேலை எவ்வளவு பெரிது என்பதை அறிந்தால் வியப்பே மேலிடும்.

உள்ளே வைக்கும் கடிதம்

1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 'அர்ப்பாநெட்' வலையமைப்பில் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும் வழியை அமைத்தவர் ரே டாம்லின்சன். ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்டுவதற்கு, வட்டத்துள் அமைந்த 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. பின்னர் 1982 ஆகஸ்டில் இரண்டு விதித்தொகுப்புகள் வெளிவந்தன. கடிதத்தின் உள்ளமைப்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்பதை டேவிட் கிராக்கர் வகுத்தார். அக்கடிதத்தை ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் எவ்வாறு ஒப்படைக்க வேண்டும் என்பதை ஜான் போஸ்டல் வகுத்தார். கடிதம் வேறு, ஒப்படைப்பு வேறு என்னும் இப்பிரிவை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கடிதத்தின் அமைப்பு நமக்குப் பழகியதே. மேலே அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் என்று வரிக்கு ஒன்றாகத் தலைப்பு வரிகள். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே செய்தி. ஆனால் இவ்விதிகள் வகுக்கப்பட்ட காலத்தில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளுமாக 128 வடிவங்களுக்கு மட்டுமே அதில் இடமிருந்தது. தமிழுக்கும் அரபிக்கும் இடமில்லை. படத்துக்கும் குரலுக்கும் இடமில்லை.

இக்குறையைத் தீர்த்தவர்கள் நதானியேல் போரென்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்ற இருவர். தாம் சேர்ந்து பாடும் நால்வர் குழுவின் புகைப்படத்தையும், அவர்கள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவையும் இணைத்துப் போரென்ஸ்டைன் 1992 மார்ச் 11 அன்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 'மைம்' என்ற பெயரில் அம்முறை விதித்தொகுப்பாக வெளிவந்தது. இன்று நாம் அனுப்பும் ஒவ்வொரு புகைப்பட இணைப்பும் அம்முறையின் வழியே செல்வதுதான்.

அவர்கள் பாதையை அகலப்படுத்தவில்லை. பாதையின் அகலத்துக்கு ஏற்பச் சரக்கைச் சிறு பொதிகளாக மாற்றினார்கள். 'உம்மா' என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் அது உ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறியீடுகளாக நிற்கிறது. கணிப்பொறிக்குள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பிடிப்பதால் மொத்தம் 15 பைட்டுகள். மின்னஞ்சலுக்கான வழக்கமான மாற்று முறை, ஒவ்வொரு மூன்று பைட்டையும் நான்கு எளிய எழுத்துகளாக்குகிறது. ஆகவே 'உம்மா' 20 எழுத்துகளாகப் பயணம் செய்து, மறுகரையில் மீண்டும் 'உம்மா'வாக எழுகிறது. இவ்வாறு ஒரு தமிழ்ச் சொல்லை மாற்றினால், ஒவ்வொரு நான்கின் தொடக்கத்திலும் 4 என்ற எண்ணும் 'கே' என்ற ஆங்கில எழுத்தும் தவறாமல் நிற்கக் காணலாம். அகரம் முதல் னகரம் வரை எல்லாத் தமிழ் எழுத்துகளுக்கும் அதுவே பொது அடையாளம்.

மூன்று நான்காவதால், இணைக்கும் கோப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கனம் கூடுகிறது. 18 மெகாபைட்டு அளவுள்ள திருமணப் படத்தொகுப்பு, வழியில் 24 மெகாபைட்டுக்கு மேல் ஆகிவிடும். "வரம்புக்குள்தானே இருந்தது, ஏன் திரும்பி வந்தது?" என்று வியப்போருக்கு இதுவே விடை.

இம்மாற்றங்களைச் செய்வதும், செய்தி முடிந்து படம் தொடங்கும் எல்லையைக் குறிப்பதும், வண்ணக் கடிதத்தைக் காட்ட இயலாத கருவிகளுக்காக எளிய எழுத்து வடிவம் ஒன்றையும் உடன் வைப்பதும் நிரல் நூலகத்தின் பணிகள். இவற்றைத் தானே எழுத முனையும் புரோகிராமர், தமிழ்க் கடிதத்தைக் கேள்விக்குறிகளின் வரிசையாக மாற்றி அனுப்பிவிடுவது அரிதன்று.

உறையும் ஒப்படைப்பும்

கடிதம் ஆயத்தமாயிற்று. இனி, அதனை அனுப்பும் கணிப்பொறி, ஏற்கும் கணிப்பொறியின் கதவைத் தட்டுகிறது. அவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் உரையாடல், மனிதர் இருவர் பேசிக்கொள்வது போன்றே இருக்கும்.

"நான் இன்ன கணிப்பொறி" என்கிறது ஒன்று. "250" என்கிறது மற்றொன்று. அஃதாவது, சரி என்று பொருள். "இன்னார் அனுப்புகிறார்." "250." "இன்னாருக்குச் சேர வேண்டும்." "250." "இனிக் கடிதத்தைத் தருகிறேன்." "354. தருக, முடிந்ததும் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் இடுக." கடிதம் முழுவதும் வரி வரியாகச் செல்கிறது. இறுதியில் ஒரு புள்ளி. "250."

கடைசியில் வந்த அந்த 250 சாதாரணமானதன்று. "இக்கடிதத்திற்கு இனி நான் பொறுப்பு" என்பது அதன் பொருள். அதற்குப் பின்னர், ஏற்ற கணிப்பொறி கடிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும். இயலாவிட்டால் சேர்க்கவில்லை என்று அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். அற்பக் காரணங்களுக்காக அதனைத் தொலைத்துவிடலாகாது என்று விதியே கூறுகிறது. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணுவது எத்தகையது என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு இவ்விதியின் சிறப்பை விளக்க வேண்டியதில்லை.

நான்கில் தொடங்கும் எண் வந்தால் இப்போது இயலவில்லை, பிறகு வருக என்பது பொருள். அரை மணி நேரமாவது கழித்து மீண்டும் முயல வேண்டும். நான்கைந்து நாட்களாவது முயன்ற பின்னரே கைவிட வேண்டும் என்பது மரபு. ஐந்தில் தொடங்கினால் முடியாது என்பதே முடிவு. 550 என்றால் பெரும்பாலும் அம்முகவரியில் எவரும் இல்லை. இவற்றையெல்லாம் பிரித்தறிந்து புரோகிராமுக்குத் தெரிவிப்பதும் நூலகத்தின் வேலையே. கடிதத்தினுள்ளேயே ஒரு வரி தனிப் புள்ளியாக அமைந்துவிட்டால், கடிதம் அங்கேயே முடிந்துவிட்டதாக மறுபக்கம் எண்ணிவிடுமன்றோ? அதற்காக, புள்ளியில் தொடங்கும் வரிக்கு முன் மற்றொரு புள்ளியைச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஏற்கும் பக்கம் அதனை நீக்கிவிட்டுச் சேமிக்கிறது.

இவ்வுரையாடலில் வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். "இன்னார் அனுப்புகிறார், இன்னாருக்கு" என்பன கடிதம் கைமாறுவதற்கு முன்பே சொல்லப்பட்டுவிட்டன. அவைதாம் உறை. அனுப்புநர், பெறுநர் என்று கடிதத்தினுள் எழுதியிருப்பவை வேறு. ஏற்கும் கணிப்பொறி உறையைப் பார்த்தே கடிதத்தைச் சேர்க்கிறது; உள்ளே எழுதியிருப்பதைப் பார்த்தன்று.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. பள்ளி ஒன்று 600 பெற்றோருக்கு ஒரே அறிவிப்பை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுநூறு முகவரிகளையும் பெறுநர் வரியில் எழுதினால், ஒவ்வொருவர் முகவரியும் மற்ற அனைவர் கையிலும் சிக்கிவிடும். பெண்களின் முகவரிகளும் அவற்றுள் அடங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'மறை நகல்' என்ற முறையில் அனுப்பினால், முகவரிகள் உறையில் மட்டும் இருக்கும், கடிதத்தில் இரா. நிரல் நூலகங்களில் இதற்கெனத் தனிக் கட்டளையே உள்ளது. அமைப்புகளின் சார்பில் கடிதம் அனுப்புவோர் இதனைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

பெயர் ஏன் சான்றாகவில்லை?

உறையில் ஒரு பெயர் இருக்கலாம், கடிதத்தில் வேறொரு பெயர் இருக்கலாம் என்பது இதிலிருந்து விளங்கும். இதற்கு நேர்மையான காரணங்களும் உண்டு. விமான நிறுவனமொன்று தன் கடிதங்களை அனுப்பும் பணியை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கலாம். அப்போது கடிதத்தினுள் விமான நிறுவனத்தின் பெயரும், உறையில் அனுப்பும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். நம் ஊரிலும் வாப்பா சொல்ல மகன் எழுதி, எதிர்வீட்டுக்காரர் தபாலில் சேர்த்த கடிதங்கள் உண்டல்லவா?

ஆனால் 1982 ஆம் ஆண்டின் விதிகளில் இவ்விரு பெயர்களில் எதனையும் சோதிக்க வழி வகுக்கப்படவில்லை. அன்று அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் ஆராய்ச்சிக்கூடங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த சிறு கூட்டத்தினர். ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில் வீட்டுக் கதவுக்குத் தாழ் எதற்கு? பின்னாளில் உலகமே அவ்வூருக்குக் குடிவந்தது; கதவோ தாழின்றியே நின்றது.

நிரல் நூலகம் அனுப்புநர் பெயரைக் கேட்கும்போது, "நீர் அவர்தாமா?" என்று கேட்பதில்லை. முகவரியின் வடிவம் சரியா என்று மட்டும் பார்க்கும். வங்கியின் பெயரைச் சொன்னால் வங்கியின் பெயரை எழுதும். அமைச்சகத்தின் பெயரைச் சொன்னால் அமைச்சகத்தின் பெயரை எழுதும். தபால் நிலைய வாசலில் இருந்த எழுத்தரும் அப்படித்தானே? சொன்னதை எழுதிக் கொடுத்தாரேயன்றி, சொன்னவரின் அடையாள அட்டையை அவர் கேட்டதில்லை. ஏழெட்டு வரிக் கட்டளையில் எவரும் எவர் பெயரிலும் கடிதம் தொகுத்துவிடலாம் என்பதே உண்மை நிலை.

ஓர் அனுப்புநர் வரி திறந்துவிட்ட கதவு

அனுப்புநர் இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம் என்ற நிலை, பெறுபவரை மட்டுமின்றி அனுப்பும் நிலையத்தையே ஆபத்துக்குள்ளாக்கியதும் உண்டு. 2016 டிசம்பரில் பிஎச்பிமெயிலரிலேயே இது வெளிப்பட்டது.

பல இணையதளங்களில் 'எங்களைத் தொடர்புகொள்க' என்றொரு படிவம் இருக்கும். பார்வையாளர் தம் மின்னஞ்சல் முகவரியையும் செய்தியையும் எழுதுவார். சில தளங்கள் அம்முகவரியையே உறையின் அனுப்புநராக வைத்துக் கடிதத்தை அனுப்பின. நூலகம் அம்முகவரியை, கணிப்பொறியில் கடிதம் அனுப்பும் மற்றொரு புரோகிராமுக்குக் கட்டளை வரியின் ஒரு பகுதியாகக் கொடுத்தது. முகவரிக்குள் மேற்கோள் குறியிட்டு இடைவெளி விட்டும் எழுதலாம் என்று பழைய விதிகள் இடம் கொடுத்திருந்தன. அதனைப் பயன்படுத்தி, முகவரி போல் தோன்றும் ஒன்றுக்குள் கட்டளைகளையே ஒளித்து வைத்து, அத்தளத்தின் கணிப்பொறியில் தம் விருப்பப்படியான புரோகிராமை ஓட்ட முடியும் என்பதை டாவிட் கோலுன்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கண்டறிந்தார். டிசம்பர் 24 அன்று திருத்தப்பட்ட பதிப்பு வெளிவந்தது. அத்திருத்தத்தையும் கடக்க முடியும் என்று தெரியவரவே, டிசம்பர் 28 அன்று மீண்டும் ஒரு பதிப்பு வெளியிடப்பட்டது.

இதே வகையைச் சேர்ந்த பழைய சூழ்ச்சி மற்றொன்றும் உண்டு. படிவத்தில் 'பொருள்' என்ற இடத்தில், ஒரு வரிக்குப் பின் அடுத்த வரியைத் தொடங்கி, அங்கே ஆயிரம் பேரின் முகவரியை மறை நகலாக எழுதிவிடுவது. சோதனையில்லாத புரோகிராம் அதனை அப்படியே கடிதத்தின் தலைப்பு வரிகளில் சேர்த்துவிடும். அப்பாவி நிறுவனமொன்றின் கணிப்பொறி, அது அறியாமலேயே ஆயிரம் குப்பைக் கடிதங்களை அனுப்பத் தொடங்கும். நல்ல நூலகங்கள் தலைப்பு வரிக்குள் புது வரி நுழைவதைத் தடுத்துவிடுகின்றன.

இன்று நம் இல்லங்களில் கணிப்பொறி பயிலும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பலர் உள்ளனர். உறவினர் கடைக்கோ, மதரஸாவுக்கோ, ஊர்ச் சங்கத்துக்கோ இணையதளம் அமைத்துத் தரும்படி முதலில் அவர்களையே நாடுகிறோம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்று. கடிதம் அனுப்பும் வேலையை நீங்களாகப் புதிதாக எழுதாதீர்கள். பலர் சோதித்த நூலகத்தைக் கையாளுங்கள். எடுத்த நூலகத்தை எடுத்த நாளிலேயே மறந்துவிடாதீர்கள். திருத்தப் பதிப்பு வந்ததும் மாற்றுங்கள். பார்வையாளர் எழுதிய முகவரியை அனுப்புநராக வைக்காதீர்கள்; அனுப்புநர் உங்கள் தளமாகவே இருக்கட்டும், பார்வையாளரின் முகவரி 'பதில் அனுப்ப' என்ற வரியில் இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் எதனையும் சோதிக்காமல் உள்ளே விடுவதில்லை என்பது வீட்டுக்கு மட்டுமன்று, புரோகிராமுக்கும் விதியாகும்.

மூன்று முத்திரைகள்

தாழில்லாத கதவுக்குப் பின்னாளில் தாழ்கள் பொருத்தப்பட்டன. முதலாவது 'எஸ்பிஎஃப்'. எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இன்னின்ன கணிப்பொறிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்று ஒரு நிறுவனம் இணையத்தில் பட்டியல் வெளியிடுகிறது. ஏற்கும் கணிப்பொறி உறையில் உள்ள பெயரை அப்பட்டியலோடு ஒப்பிடுகிறது. இரண்டாவது 'டிகிம்', அரக்கு முத்திரை போன்றது. அனுப்பும் நிறுவனம் தன்னிடம் மட்டும் உள்ள இரகசியச் சாவியால் கடிதத்தில் கணக்கு முறையிலான கையொப்பம் இடுகிறது; பொதுவில் உள்ள மற்றொரு சாவியால் எவரும் அதனைச் சரிபார்க்கலாம். வழியில் ஓர் எழுத்து திருத்தப்பட்டாலும் முத்திரை பொய்யாகிவிடும். பிஎச்பிமெயிலர் போன்ற நூலகங்களே இக்கையொப்பத்தை இட வல்லவை.

மூன்றாவது 'டிமார்க்'. நாம் கண்ணால் காணும் அனுப்புநர் வரியும், முன்னைய இரண்டு சோதனைகளில் தேறிய பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இதுவே. ஒத்துப்போகாவிட்டால் கடிதத்தை ஒதுக்குவதா, மறுப்பதா என்று பெயருக்குரிய நிறுவனமே முன்கூட்டி அறிவித்து வைக்கலாம். 2015 மார்ச்சில் இதன் விதித்தொகுப்பு வெளியாயிற்று. முதல் விதிகளிலிருந்து எண்ணினால் 33 ஆண்டுகள்! 2024 பிப்ரவரி முதல், தன் பயனாளர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் இம்மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று கூகுள் நிறுவனம் விதித்தது. யாஹூ நிறுவனமும் மொத்தமாக அனுப்புவோருக்கு அதே காலத்தில் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது.

அப்படியாயின் ஆபத்து நீங்கிவிட்டதா? இல்லை. இம்முத்திரைகள் கூறுவது, கடிதம் இன்ன இணையப் பெயரிலிருந்து வந்தது என்பதை மட்டுமே. அப்பெயருக்கு உரியவர் நேர்மையானவரா என்பதை அவை கூறமாட்டா. ஏமாற்றுவோர் பெரிய நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அதனைத் தம் பெயரில் பதிவு செய்து, மூன்று முத்திரைகளையும் முறைப்படி பெற்றுக்கொண்டு வருகிறார்கள். இன்னும் சிலர், முகவரிக்கு முன்னால் தோன்றும் பெயரில் மட்டும் வங்கியின் பெயரை எழுதிவிட்டு, முகவரியில் தம் சொந்தப் பெட்டியையே வைத்திருக்கிறார்கள். கைபேசித் திரையில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரியும், முகவரி மறைந்திருக்கும். அவர்களுக்கு அதுவே போதுமானது.

இல்லத்தார் கவனத்திற்கு

ஆகவே, பணமோ வேலையோ சான்றிதழோ சம்பந்தப்பட்ட மின்னஞ்சல் வரும்போது பெயரைத் தொட்டு, முழு முகவரியையும் விரித்துப் பாருங்கள். 'அட்' குறிக்குப் பின்னுள்ள பகுதியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அதிலும் வலது கோடியிலுள்ள பெயரே உரிமையாளரைக் காட்டும். இடப்புறத்தில் எவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜிமெயில் வைத்திருப்போர் கணிப்பொறியில் கடிதத்தைத் திறந்து, அதன் மூல வடிவைக் காட்டும் கட்டளையை அழுத்தினால், மேற்கூறிய மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டில் கணிப்பொறி தெரிந்த பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

கடிதத்தில் கொடுத்துள்ள தொலைபேசி எண்ணை அழைத்து உண்மையறிய முயலாதீர்கள். அங்கே பேசுபவரும் அவர்களைச் சேர்ந்தவராகவே இருப்பார். வங்கி எண்ணைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுங்கள். நிறுவனத்தின் எண்ணை அதன் சொந்தத் தளத்துக்கு நீங்களே சென்று எடுங்கள். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்பதிவை 'இ-மைக்ரேட்' தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். "இன்று மாலைக்குள்", "எவரிடமும் சொல்ல வேண்டாம்" என்ற சொற்கள் கடிதத்தில் இருந்தால், அதனை வீட்டில் நால்வர் முன்னிலையில் உரக்கப் படியுங்கள். தனியாகப் படிக்கையில் நம்பத் தோன்றுவது, கூடிப் படிக்கையில் சாயம் வெளுத்துவிடும்.

ஒருவேளை பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இந்தியாவில் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். பணம் கைமாறிச் செல்வதற்கு முன் தடுத்து நிறுத்த ஒவ்வொரு மணி நேரமும் உதவும். ஏமாந்த பிள்ளையையோ முதியவரையோ வீட்டார் ஏசத் தொடங்கினால், அடுத்த முறை அவர் சொல்லாமலேயே இருந்துவிடுவார். இழப்பு அதனால் பெருகுமேயன்றிக் குறையாது.

எழுதும் கருவி எவருக்கும் பொதுவானது. சொன்னதைப் பிழையின்றி எழுதுவதும், ஏற்றதைச் சேர்ப்பதும் கணிப்பொறியின் கடமை; அதனை அது செவ்வனே செய்து வருகிறது. சொல்வது மெய்யா என்று ஆராயும் பொறுப்பை அதனிடம் எவரும் முழுமையாக ஒப்படைக்க முடியாது. அது பெறுபவர்களாகிய நம்மிடமே இருக்கிறது. அழகிய கடிதத்தைக் கண்டதும் பணப்பையைத் திறவாமல், உறையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.